கோழி எரு விழாத மூலை

இது ஊர் சுற்றிப் பார்த்த பயணம் அல்ல. ஆவணி மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, என் மேல் விழுந்த பழியை நேரில் பார்த்துவிடலாம் என்று நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். இளம்பிள்ளையில் சிறு தயாரிப்புக் கூடம் வைத்து, கடலை விதையில் கலக்கும் ரைசோபியம் பாக்கெட் போடுகிறேன். அந்த நுண்ணுயிர் வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தரும். செல்லமுத்து என்ற விவசாயி, “முடிச்சே இல்லை, பாக்கெட்டில் இருப்பது வெறும் மண்” என்று ராசிபுரம் உரக்கடையில் சொல்லிவிட்டார். மீதமுள்ள நாற்பது பாக்கெட்டையும் எடுத்துப் போகும்படி கடைக்காரர் போன் செய்தார். என் சரக்கை வாங்கும் கடை அது ஒன்றுதான். அதுவும் போனால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 6.40க்கு ராசிபுரம் பேருந்து. முப்பது ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து பத்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் பத்து ரூபாய். பெண்களுக்கு இலவசம். என் வயது ஆண்களுக்கு எங்கும் எதுவும் இலவசமில்லை. இறங்கித் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

“வாங்க சார். உங்க மண்ணு பண்ண வேலையப் பாருங்க” என்றார் செல்லமுத்து.

செடிகள் கரும்பச்சையாகக் கொழுத்து நின்றன. கொத்தால் தோண்டி, வாளித் தண்ணீரில் வேரை அலசினேன். மொட்டை வேர். பத்துச் செடி தோண்டினேன், பத்தும் அப்படியே.

“அடியுரம் என்னங்க போட்டீங்க?”

“மச்சான் பண்ணையில இருந்து மூணு டிராக்டர் கோழி எருவுங்க. இந்தப் பக்கம் அதுக்கா பஞ்சம்?”

புரிந்துவிட்டது. கோழி எரு மண்ணில் சிதைந்து, செடி நேராக எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தான நைட்ரேட்டாக மாறும். நுண்ணுயிருக்குச் சர்க்கரை கொடுத்து வளர்ப்பது செடிக்குச் செலவு. நைட்ரேட் வேருக்குப் பக்கத்திலேயே கிடைத்தால் செடி அந்தச் செலவைச் செய்யாது; முடிச்சும் வராது.

கிணற்றோரம், டிராக்டர் திரும்ப முடியாத மூலையில் எரு விழவில்லை. செடிகள் சற்றுக் குட்டை. செல்லமுத்துவின் மனைவி பாப்பாத்தி ஒன்றைத் தோண்டி அலசினார். வேரெங்கும் கடுகளவு முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு; வேலை செய்யும் முடிச்சின் நிறம். அவை முழுக்க என் பாக்கெட்டிலிருந்து வந்தவை என்று சத்தியம் செய்யமாட்டேன்; மண்ணிலும் அந்த நுண்ணுயிர் உண்டு. ஆனால் விதை ஒன்று, தண்ணீர் ஒன்று. எரு மட்டும் வேறு.

“ஏனுங்க, அவரு மண்ணு விக்கலீங்க. நீங்கதான் காட்டுல கோழிய மேய உட்டுட்டீங்க” என்று கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

செல்லமுத்து சிரிக்கவில்லை. மோட்டார் ரூமிலிருந்து காலி பாக்கெட்டை எடுத்து வந்து நீட்டினார். “கோழி எரு ஆகாதுன்னு இதுல எங்கீங்க போட்டிருக்கு? இதுல இருக்கற மாதிரித்தானுங்க அத்தனையும் செஞ்சேன்.”

போட்டிருக்கவில்லை. என் முதுகலை ஆய்வேட்டில் நைட்ரேட் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினேன். “இது எந்த விவசாயிக்கு உபயோகம்?” என்று என் வழிகாட்டி அதை நீக்கினார். இருபத்தாறு வருடமாக அவரை மன்னிக்கவில்லை. இனியும் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் பாக்கெட்டில் அச்சாக வேண்டிய கோழி எரு எச்சரிக்கை வரியை நீக்கியவன் நான். கோழிப்பண்ணைகள் நிறைந்த மாவட்டத்தில் அதைச் சொன்னால் விற்காது என்று தெரிந்தே நீக்கினேன்.

“போடாதது என் தப்புங்க” என்றேன். அவர் பாக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்படி வயல் பார்க்கப் போகிறவர்கள் காலை பத்துக்குள் போய்விடுங்கள். கொத்தும் பிளேடும் கையில் இருக்கட்டும். செடியைப் பிடுங்காதீர்கள், முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், தோண்டுங்கள். விதைத்த நாற்பத்தைந்தாம் நாள் நல்ல நாள். கோழி எருவை மக்கவைத்து மக்காச்சோளத்துக்குப் போடுங்கள். அதற்கு அடுத்த பயிராகக் கடலை வரட்டும்.

திரும்பும்போது ராசிபுரத்தில் உரக்கடைக்குப் போய், நாற்பது பாக்கெட்டிலும் மார்க்கரால் எழுதினேன்: கோழி எரு போட்ட நிலத்தில் இது வேலை செய்யாது.

“இத எழுதிட்டா இந்தப் பக்கம் யாருங்க சார் வாங்குவா?” என்றார் கடைக்காரர்.

“ஒருத்தரும் வாங்கலீன்னா நானே வந்து எடுத்துக்கறனுங்க.”

அவர் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். பிறகு நாற்பதையும் அலமாரியில் திரும்ப அடுக்கினார், பின்வரிசையில்.