மூக்கைத் தொட்டால் குளியல்

போன மாதம் எனக்குத் தலை சுற்றியது. எண்பதைத் தாண்டியவனுக்குத் தலை சுற்றுவது ஒரு செய்தியா என்று நான் விட்டுவிட்டேன், மருமகள் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் என் பேத்தி வயதுப் பெண். முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "உங்க மூக்கைத் தொடுங்க தாத்தா. இப்ப என் விரலைத் தொடுங்க. மறுபடி மூக்கு" என்றாள். நான் மடமடவென்று தொட்டுக் காட்டினேன். "சூப்பர் தாத்தா! நரம்பெல்லாம் நல்லா இருக்கு" என்று பாராட்டினாள். நரம்பு கிடக்கட்டும் அம்மா, இந்த விளையாட்டை நான் செஞ்சியில் ஒரு வகுப்புக்கே சொல்லிக் கொடுத்து, அதனால் ஒரு தெருவின் தண்ணீரையே காலி செய்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே இன்னும் நாலைந்து பேர் தலை சுற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வாத்தியார். வேலை நிரந்தரமாகவில்லை. மீசை மட்டும் நிரந்தரமாகியிருந்தது. அந்த நாளில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாயைத் திறப்பார்கள். திறந்து வைக்க வேண்டியவன் நான். என் ஆங்கிலமோ இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. நின்றுகொண்டிருந்தால் அழகாக இருக்கும், உட்கார்ந்தால் கசங்கிவிடும்.

இதை எப்படியோ தெரிந்துகொண்டு என்னைத் திண்டிவனத்தில் ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே சென்னையிலிருந்து வந்தவர் கொதிக்கிற வெயிலில் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு பாடம் எடுத்தார். "வாத்தியார் பேசக் கூடாது. பிள்ளைகள் பேச வேண்டும். அதுவும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும்" என்பதுதான் புதிய முறையாம். வாத்தியார் பேசக் கூடாது என்றதும் எனக்கு அந்த முறை மிகவும் பிடித்துப் போயிற்று. உடம்பின் உறுப்புகளுக்கு அவர் ஒரு சோடி விளையாட்டு வைத்திருந்தார். இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒருவன் "டச் யுவர் நோஸ்" என்றால் எதிரே நிற்பவன் தன் மூக்கைத் தொட வேண்டும். "டச் மை நோஸ்" என்றால் சொன்னவன் மூக்கைத் தொட வேண்டும். தடுமாறினால் தோற்றான். எனக்கு வாய்த்த சோடி மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஒரு பெரியவர். வெற்றிலை வாசனையோடு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "கூச்சப்படாத தம்பி, சும்மா தொடு. கடிக்காது" என்றார்.

சோடி சேர்ப்பதற்கும் ஒரு விதி இருந்தது. உயரம் பார்த்துச் சேர்க்க வேண்டும். கண்ணுக்குக் கண் நேராக இருக்க வேண்டும். சென்னைக்காரருக்கு உயரம் மட்டும்தான் தெரிந்தது. ஊர் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் முகாமிலிருந்து திரும்பியவனுக்கு முகாம் சொன்னதுதான் வேதம். அடுத்த திங்கட்கிழமையே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, தலைக்குத் தலை ஸ்கேலை வைத்துப் பார்த்துச் சோடி பிரித்தேன். காலனிப் பிள்ளைகளுக்கு அப்போது தனியாக ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதனால் எங்கள் பள்ளி பெரிய கேள்வியிலிருந்து சௌகரியமாகத் தப்பித்துக்கொண்டிருந்தது. என் ஸ்கேல் கண்டுபிடித்தது சின்னக் கேள்வியைத்தான்.

கன்னியப்பனும் சம்பத்தும் ஒரே உயரம். சம்பத்து கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரரின் மகன். கன்னியப்பன், வீடு வீடாகப் போய் முடி வெட்டுகிற முனுசாமியின் மகன். முனுசாமி வந்து முடி வெட்டிவிட்டுப் போனால், வெட்டிக்கொண்டவர் கொல்லை வழியாகப் போய்க் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் காலை வைக்கலாம். செஞ்சியில் மட்டுமில்லை, எங்கேயும் அப்படித்தான். முடி ஒட்டியிருக்கும், அதனால் குளிக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். முகத்தை மட்டும் மழித்துக்கொண்டவர் எதற்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டார் என்று அவர்களைக் கேட்கக் கூடாது.

இரண்டு பையன்களும் விளையாட்டில் புலிகள். மற்ற சோடிகள் கண்ணையும் காதையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தபோது இவர்கள் முழங்கை, புருவம், மோவாய் வரை போய்விட்டார்கள். பெண்பிள்ளைகள் பக்கம் கழுத்து வந்தாலே கிச்சுக்கிச்சு என்று ஆட்டம் நின்றுவிடும். எனக்கோ பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை சம்பத்தையும் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தபடி, "இன்னிக்கு கன்னியப்பன் என் மூக்கைத் தொட்டான், நான் அவன் காதைத் தொட்டேன், எல்லாம் இங்கிலீசு" என்று வீட்டில் அளந்திருக்கிறான்.

மறுநாள் காலையில் அவன் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"வாத்தியாரே, அவங்க நைனா கை பட்டா குளிச்சிட்டுத்தானே உள்ள வரோம்? புள்ள கை பட்டா மட்டும் இன்னா, அப்டியே வந்து சோத்துப் பானையத் தொடலாமா?"

நியாயமான சந்தேகம்தான். அந்த நியாயத்துக்குள் நின்று பார்த்தால் ஓட்டையே தெரியாது. அன்றிலிருந்து ஆங்கிலப் பாடம் நடந்த நாளெல்லாம் சம்பத்துக்குக் கிணற்றடிக் குளியல். அந்த வார முடிவிலேயே வழக்கம் தெரு முழுவதும் பரவிவிட்டது. கன்னியப்பன் தொட்ட சம்பத்து, சம்பத்து தொட்ட கோபாலு, கோபாலு தோளில் கை போட்ட பையன் என்று வரிசையாக எல்லார் தலையிலும் தண்ணீர். காலைப் பாடம் முடிந்து மத்தியானம் சாப்பிடப் போன பிள்ளைகள், ஈரத் தலையும் சீயக்காய் வாசனையுமாகத் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள். குளிக்கப் பிடித்தவனுக்கு ஆங்கிலமும் பிடித்தது. தண்ணீரைக் கண்டால் ஓடுகிறவன் ஆங்கிலத்தைக் கண்டும் ஓட ஆரம்பித்தான்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஓய்வு பெறுவது ஒன்றே அவருடைய லட்சியம். "இன்னா தம்பி, இங்கிலீஷ் சொல்லிக் குடுன்னா ஊர்த் தண்ணிய எறைக்கிறீங்க? அந்தப் பையன தனியா நிக்க வெச்சு, அட்டைப் படத்தோட விளையாடச் சொல்லுங்களேன்" என்றார். உறுப்புப் படம் போட்ட அட்டை ஒன்று சுவரில் தொங்கியது. "படம் திருப்பிப் பேசாதே சார்" என்றேன். கன்னியப்பனின் நைனாவுக்கும் செய்தி போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. "படத்தோட பேசறதுக்கு எதுக்கு சார் ஸ்கூலு? எங்கூட வந்தா பொட்டி தூக்குவான்" என்றார். அந்தச் சாந்தம்தான் எனக்குப் பயமாக இருந்தது. சோடி போனால் பையன் பள்ளிக்கூடத்தை விட்டே போய்விடுவான்.

கடைசியில் தலைமையாசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். கால அட்டவணையில் ஆங்கிலத்தைத் தூக்கிக் கடைசிப் பாடமாகப் போட்டார். வெயிலில் வீட்டுக்கு வருகிற பிள்ளை எப்படியும் சாயங்காலம் உடம்புக்கு ஊற்றிக்கொள்ளும்; அதையே தலைக்கு ஊற்றிக்கொண்டால் ஆயிற்று. அம்மாக்களுக்குத் திருப்தி, அவருக்குத் திருப்தி, கொஞ்சம் வெட்கத்தோடு எனக்கும் திருப்தி. கன்னியப்பனை யாரும் கேட்கவில்லை.

பங்குனி பிறந்தது. செஞ்சி வெயிலைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொன்னால் புரியாது. பகலெல்லாம் பாறைமலைகள் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கும். கிணறுகள் சேற்றுக்கு இறங்கின. ஒரு சாயங்காலம் கன்னியப்பன், நைனாவோடு அந்தத் தெரு வழியாக வந்தபோது பார்த்திருக்கிறான். சம்பத்து பைக்கட்டைத் தோளில் மாட்டியபடி வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் எடுக்கப் போன அம்மா திரும்பி வரவில்லை. விளக்கு வைக்கிற நேரமாகியும் குளிக்காதவனை வீட்டார் உள்ளே விடவில்லை. பசியில் அழுதுகொண்டிருந்தானாம்.

இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். நான் கண்டதெல்லாம், என்னுடைய புலி திடீரென்று மந்தமாகிவிட்டதைத்தான். சம்பத்து "டச் மை நோஸ்" என்றால் கன்னியப்பனின் விரல் கிளம்பும், வேகமாகப் போகும், மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிடும். கட்டளை போடுகிற முறை வந்தால் தன்னைத் தொடச் சொல்லவே மாட்டான். பாடம் மறந்துவிட்டான் என்று முடிவு கட்டி, ஒரு வாரம் அவனைத் தனியாக நிறுத்தி உருப்போட வைத்தேன். முகாமில் படித்த மேதை அல்லவா நான்!

இதற்கிடையில் சம்பத்தின் அம்மா மறுபடியும் வந்தார். "குடிக்கவே தண்ணி இல்ல சார். ஜோடிய மாத்துங்க, இல்லன்னா என் புள்ள பேரை வெட்டிக் குடுத்துடுங்க" என்றார். தலைமையாசிரியர் உடனே வாக்குக் கொடுத்துவிட்டார். "அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வராரு. அது முடியட்டும்மா. அப்புறம் அந்தப் பையனுக்கு அட்டைதான்." என் வேலையை நிரந்தரமாக்குவதும் அந்த இன்ஸ்பெக்டர் கையில்தான் இருந்தது. எனவே நான் எதிர்த்துப் பேசவில்லை. முகத்தை மட்டும் வீரமாக வைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் காலையிலேயே வந்துவிட்டார். என் சோடிகளை எழுப்பினேன். அவர் வந்து நின்ற இடம், வேறு எங்கே, கன்னியப்பனுக்குப் பக்கத்தில்தான். "டச் மை நோஸ்" என்றான் சம்பத்து. விரல் போயிற்று. நின்றது.

"டச், பாய், டச்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

விரல் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து, "வொய்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்கவே இல்லை. கன்னியப்பன் என்னைப் பார்த்தான், சம்பத்தைப் பார்த்தான். உதடு இரண்டு தரம் அசைந்து வார்த்தைகளைத் தேடியது.

"ஹிஸ் ஹவுஸ்... நோ வாட்டர், சார்."

அவன் வீட்டில் தண்ணீர் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த வாக்கியம் இல்லை அது. என் வகுப்பில் எவனும் அதுவரை சொந்தமாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

இன்ஸ்பெக்டருக்கும் விளங்கிவிட்டது, அவருடைய வழியில். முகம் மலர்ந்து, "ஊர்ப் பிரச்சினையை இங்கிலீஷ்ல பேசறான்யா! ஜோடியைப் பிரிக்காதீங்க, இவங்கள மத்த ஸ்கூலுக்கெல்லாம் காட்டணும்" என்றார். குடிதண்ணீருக்கு ஏற்பாடு செய்யச் சொல்லித் தலைமையாசிரியருக்கு ஒரு அதட்டல் வேறு. தலைமையாசிரியர் "செஞ்சிடலாம் சார், செஞ்சிடலாம்" என்று வியர்த்தார். இன்ஸ்பெக்டர் மெச்சிய சோடியைப் பிரிக்க இனி அவரால் முடியாது. என் வேலையும் நிரந்தரமாயிற்று. சம்பத்தின் அம்மாவுக்குக்கூடப் பெருமை வந்துவிட்டது. மெச்சப்பட்ட பிள்ளைக்கு ஒரு குடம் வேண்டாம், தலையில் ஒரு சொம்பு தெளித்தால் போதும் என்று அவரே சட்டத்தைத் திருத்திக்கொண்டார்.

மறுநாள் பாடத்தில் நான் நேரே கன்னியப்பன் எதிரில் போய் நின்றேன். உயரம் ஒத்துவரவில்லை, மண்டி போட்டேன். "டச் மை நோஸ்" என்றேன். அவன் விரலைத் தூக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "உங்க வூட்ல தண்ணி இருக்குதா சார்?"

"இல்லடா. சொட்டுத் தண்ணி கிடையாது. தொடு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு தொட்டான். அன்று ராத்திரி குடம் நிறையத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பங்குனிப் புழுக்கத்தில் குளிக்காமல் நாறியபடி தூக்கம் வராமல் புரண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே சமூகப் புரட்சி அதுதான்.

அப்புறம் காலம் போயிற்று. சொம்புத் தண்ணீர் கால் கழுவுவதாகச் சுருங்கிற்று. தெருவுக்குக் குழாய் வந்தது. வேடிக்கையைப் பாருங்கள், தண்ணீர் தாராளமாக வர ஆரம்பித்த பிறகுதான் குளிக்கிற வழக்கம் போயிற்று. இப்போது சலூனில் முடி வெட்டிக்கொண்டு நேரே ஹோட்டலில் போய் உட்காருகிறார்கள். சோடி விளையாட்டும் போயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ புதிய முறைகள் வந்துவிட்டன. கன்னியப்பன் படித்து, பம்பாய்ப் பக்கம் ரயில்வே வேலைக்குப் போனான்.

நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் ஒரு முறை ஊருக்கு வந்தவன், என்னைக் கூட்டிக்கொண்டு சம்பத்தின் கடைக்குப் போனான். சம்பத்து கல்லாவிலிருந்து குதித்து வந்து கட்டிக்கொண்டான். வீட்டுக்கு இழுத்துப் போனான். அவன் அம்மா, கிழவியாகிவிட்டவர், கன்னியப்பனின் மோவாயைப் பிடித்து, "எப்டி எளைச்சிட்டான் பாரு. சாப்டியாப்பா?" என்று உருகினார். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "இவனத் தொட்டா அந்தக் காலத்துல சம்பத்து குளிக்கணுமேம்மா" என்றேன்.

"நல்லா கதை கட்றாரு வாத்தியாரு! எங்க வூட்ல அப்டிலாம் பாத்ததே கிடையாதே" என்று அவர் சிரித்தார்.

"நானா சார்? குளிச்சேனா? வேற யாரையாவது நெனச்சிக்கினு இருக்கப் போறீங்க" என்றான் சம்பத்து. இரண்டு பேர் முகத்திலும் கள்ளமே இல்லை.

கன்னியப்பன் காப்பியைக் குடித்து முடித்தான். பஸ் நிலையத்துக்குத் திரும்பி நடக்கும்போது, "பொய் சொல்லல சார் அவங்க. நெஜமாவே மறந்துட்டாங்க" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்குந்தான் மறந்தா நல்லா இருக்கும்" என்றான். விழுப்புரம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டான்.