சீர் நுழையாத வீடு

கடல் இருந்தது வேம்பார் பக்கம். வீடு முதலில் வந்தது அவனியாபுரத்துக் காலி மனையில், சுண்ணாம்புக் கோடாக.

வீட்டை வரைந்த வசுந்தராவின் யோசனை அது. வரைபடத்தை எத்தனை முறை விரித்தாலும் உக்கிரபாண்டி, "நல்லாயிருக்கு மேடம்" என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிடுவார். கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். இரும்பென்றால் ஆயிரம் கேள்வி கேட்பார், காகிதமென்றால் வெறும் மரியாதை. அதனால் கடலோரத்தில் அவருக்குக் கட்டப்போகும் வீட்டை, அவனியாபுரத்தில் அவருக்கிருந்த மனையிலேயே முழு அளவில் கோடு போட்டு, குடும்பத்தோடு நடந்து பார்க்க அழைத்திருந்தாள்.

இத்தனை காலமும் அடுத்தவர் அலுவலகத்தில் உட்கார்ந்து கல்யாண மண்டபங்களுக்கும் கழிப்பறைகளுக்கும் வரைந்தவள். தன் பெயரில் வந்த முதல் வீடு இதுதான். பூசாத, வர்ணம் அடிக்காத கான்கிரீட். சங்கு மாதிரி ஒரே வளைவாகச் சுருளும் சுவர். சாலையிலிருந்து உள்ளே போக, ஒருவர் நடக்கிற அகலத்தில் ஒரு சந்து. இருட்டாக வளைந்து போய், முடிகிற இடத்தில் சட்டென்று கடல் முழுதாகத் திறக்கும். அந்தச் சந்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் வரைந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

உக்கிரபாண்டி மனைவி ஜெயக்கொடியோடு வந்தார். கூடவே ஜெயக்கொடியின் அண்ணன் நல்லகாமன், வெள்ளை வேட்டியில். கோடு தொடங்குகிற இடத்தில் நின்றார்.

"இதுதான் வாசலா?"

"ஆமாண்ணே" என்றாள் வசுந்தரா.

அவர் இரண்டு கைகளையும் விரித்தார். முழங்கைகள் சுவருக்குள் போய்விட்டன.

"மாப்ள, பால்காய்ச்சுக்கு நான் சீர் கொண்டாரணுமா, வேண்டாமா?"

"என்ன மச்சான் இப்படிக் கேக்குறீங்க?" என்றார் உக்கிரபாண்டி.

"பின்ன? அண்டா வருது, பீரோ வருது, கெடா வருது. தட்டுத் தூக்கிட்டு நம்ம பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் வாராங்க. ஒவ்வொருத்தரா இதுக்குள்ள நுழைஞ்சா, கடைசித் தட்டு போறதுக்குள்ள மொதத் தட்டுப் பழம் அழுகிப்போகும்."

உக்கிரபாண்டி சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"தங்கச்சி வீட்டு வாசல்ல ரேசன் கடை வரிசை மாதிரி நான் நிக்க மாட்டேன் மாப்ள. நம்ம சிவபாண்டி இன்ஜினியர் இருக்காரு. அகலமா, நேராக் கட்டுவாரு. பூச்சும் பூசுவாரு."

உக்கிரபாண்டி வசுந்தராவைப் பார்த்தார். மச்சானைப் பகைத்துக்கொண்டு அவர் ஒரு செங்கல்கூட வைக்க மாட்டார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. வேலை கைவிட்டுப் போகிறது.

இந்தச் சந்து எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காமராசர் சாலைக்குப் பின்னால், சௌராஷ்டிரத் தெருவில் அவள் வளர்ந்த வீடு ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கி நீளும். பள்ளி விட்டதும் அந்த இருட்டு நடையில் ஓடி, கடைசியில் முற்றத்து வெளிச்சத்தில் போய் விழுவாள். அங்கேயும் சீர் வரும், ஒற்றை வரிசையில்தான் வரும். யாருக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை. ஊரே திரண்டு வரும் குடும்பத்துக்குத் தன் வீட்டை வரைந்து கொடுத்திருக்கிறாள்.

இதற்குள் ஜெயக்கொடி யாரிடமும் சொல்லாமல் சந்துக்குள் நடந்து போயிருந்தார். கோடு முடிகிற இடத்தில் கடலுக்குப் பதில் குப்பை மேயும் இரண்டு ஆடுகள் நின்றன. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"எப்படி இருக்குக்கா?" என்று கேட்டாள் வசுந்தரா.

"இதுக்குள்ள ரெண்டு பேரு சேந்து வர முடியாதுல்ல?"

"முடியாதுக்கா."

"கூட்டத்துக்குச் சோறாக்கியே பழகிட்டேன் மேடம். ஆக்கி முடிச்சுட்டு, இதுல போயி செத்த நேரம் கடலப் பாக்கணும் போல இருக்கு." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அகலமா வாசல் வைக்கச் சொல்றேண்ணே. கெடாவோடயே வாங்க. இது இருக்கட்டும். அடுப்படியில இருந்து போகட்டும்."

வருகிறவர்களுக்கெல்லாம் என்று வைத்திருந்த ஆச்சரியம் ஒருத்திக்கு மட்டும் என்றாகிறது. வசுந்தராவுக்கு வலித்தது. பிறகு வாசல் கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்தாள். சங்கின் வாய் சாலையைப் பார்த்து விரியும்படி புதுக் கோடு இழுத்தாள். உள்ளே அந்தச் சந்து அடுப்படியிலிருந்து போகும்படி நகர்த்திப் போட்டாள்.

நல்லகாமன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கைகளை விரித்தபடி புது வாசலில் நடந்தார். எந்தக் கோட்டையும் தொடவில்லை.

"இப்ப கெடா வரும்."

"மேளமும் வரும்ண்ணே" என்றாள் வசுந்தரா.

"பூச்சு?"

"பூச்சு வராதுண்ணே."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "ஏன் பூசாமப் போட்டீகன்னு கேக்குறவய்ங்களுக்கு நீதான் மாப்ள பதில் சொல்லணும்" என்றார்.

"சொல்லிக்கிறேன் மச்சான். மேடம், கம்பி எப்ப எறக்கலாம்?"

நல்லகாமன் அடுப்படிப் பக்கம் போய், சந்துக்குள் நுழைந்து பார்த்தார். தொப்பை கோட்டைத் தாண்டியது. பக்கவாட்டில் திரும்பினார். அப்போதும் தாண்டியது.

"ஏத்தா, இதுல என்னால வர முடியலையே."

"அதுக்குத்தாண்ணே" என்றார் ஜெயக்கொடி.