ஊசிமுனைக் கசிவு

பட்டறையில் எல்லோரும் அவரை ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் கோபம் கிடையாது. மற்றவர்கள் ஒரு நட்டைக் கழற்றி முடிக்கும் நேரத்தில் அவர் அந்த நட்டைச் சுற்றியிருக்கும் அழுக்கைத்தான் துடைத்துக்கொண்டிருப்பார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. ஆனா இந்த ஆமை புகுந்த இன்ஜின் உருப்படாம போனதே இல்ல" என்று முதலாளி வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். டீசல் பம்ப், டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் வேலை என்றால் வேறு யார் கையையும் அவர் நம்ப மாட்டார்.

ஆமையின் மனைவியுடைய தம்பிக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. குவாரியிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு நீண்ட மேடு ஒன்றை ஏற வேண்டும். எவனோ ஆசை காட்டினான் என்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியது ஒன்றை மாட்டி வைத்திருந்தான். காற்று தாராளமாகப் போயிற்று. அதற்கு ஈடாக டீசல் போகவில்லை. பாதி மேட்டில் வண்டி திணறி நிற்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே அவன் மானத்தை வாங்கினார்கள்.

"மாமா, காத்து இருக்கு, சாப்பாடு இல்ல. வண்டி பட்டினி கிடக்குது. பெரிய பம்ப், பெரிய இன்ஜெக்டர், டேங்க்ல இருந்து புது பைப், எல்லாத்தையும் மாத்திக் குடுங்க."

"பழைய டர்போவையே திரும்ப மாட்டு. விரலுக்கேத்த வீக்கம் போதும்."

அவன் அக்காவிடம் போனான். அவள் கணவனிடம் வந்தாள். "அவன் என்ன ஊரான் வீட்டுப் பிள்ளையா? என் முகத்துக்காகச் செஞ்சு குடுங்களேன்."

பட்டறை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த வேலையைச் செய்தார். டேங்கில் புது மோட்டார் இறக்கினார். அகலமான பைப் இழுத்தார். பில்டரை இரட்டையாக்கினார். கழற்றிய ஒவ்வொரு பைப்பின் வாயையும் தூசி போகாமல் மூடி வைத்தார். கடைசியாகப் பெரிய பம்பையும் இன்ஜெக்டர்களையும் உட்கார வைத்துக் கிளப்பியபோது இன்ஜின் பிசிறில்லாமல் ஓடியது. ஒரே ஒரு பைப்பின் மூட்டில் மட்டும் வியர்த்தது போல ஈரம்.

அந்தப் பைப்பில் டீசல் போகும் அழுத்தம் சாதாரணமானதல்ல. கசிந்தால் மயிரிழையைவிட மெல்லியதாகப் பீய்ச்சும். கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அட்டையை நீட்டித்தான் கசிவைப் பார்க்க வேண்டும், கையை நீட்டக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லிப் பட்டறையில் எத்தனையோ பேரைத் திட்டியவர் அவர்தான். அன்றைக்கு அட்டை, வண்டிக்கடியில் படுத்திருந்த அவர் முதுகுக்குக் கீழே விரிந்து கிடந்தது. வேறு அட்டைக்கு எழுந்து போக வேண்டும்.

"மாமா, ரேஸ் குடுக்கவா?" என்று மேலே சீட்டிலிருந்து மைத்துனன் கேட்டான்.

"குடு" என்றார். வலது கை தானாக அந்த மூட்டுக்குப் போயிற்று.

எறும்பு கடித்தது போல இருந்தது. கையுறையைக் கழற்றிப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, நட்டைத் தளர்த்தித் திரும்ப முடுக்கினார். கசிவு நின்றது. சுமையோடு மேட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். வண்டி ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை.

"மாமா, இது லாரியில்ல, யானை!" என்று மைத்துனன் ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்தினான். அவரும் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்குத் தான் அப்படிச் சிரித்ததைத்தான் பிற்பாடு அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சாயங்காலம் விரல் கனத்தது. மனைவி பார்த்துவிட்டாள். "என்ன இது, சில்லுன்னு இருக்கு?"

"முள்ளு குத்தின மாதிரிதான். காலையில சரியாயிடும்."

அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். காலையில் மணிக்கட்டு வரை வீங்கித் தோல் பளபளத்தது. தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதை விழுங்கிக்கொண்டு ஒரு நாள் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டீசல் நரம்போடு வழிந்து உள்ளங்கை வரைக்கும் இறங்கியிருந்தது.

"குத்தின உடனே வந்திருக்கணும். சூடு காட்டியிருக்கவே கூடாது. வலிக்காததுதான் இதுல பெரிய ஆபத்து" என்றார் அறுவை டாக்டர். முதலில் ஆள்காட்டி விரலை எடுத்தார்கள். பிறகு நடுவிரலையும். கட்டைவிரல் மிஞ்சியது, ஆனால் மடங்காமல் மரக்கட்டை போல நின்றது.

மனைவி தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். "என் முகத்துக்காகன்னு கேட்டவ நான்தானே. ஒத்தடம் வேற குடுத்தேனே" என்று அடுப்படியில் நின்று அழுவாள். "கையை நீட்டுனவன் நான்" என்பார் அவர்.

முதலாளி நல்லவர். வாசலில் நாற்காலி போட்டு, வருகிற வண்டியைப் பார்த்து உள்ளே அனுப்புகிற வேலை கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் மைத்துனன் லாரியோடு வந்தான். அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மாமா, ஒரு சத்தம் வருது. நீங்க கேட்டாத்தான் தெரியும்."

கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது: மூன்றாவது இன்ஜெக்டர். "நானே பாக்கறேன்" என்று எழுந்தார். யாரும் தடுக்கவில்லை. இன்ஜெக்டரைக் கழற்றித் துடைப்பது வரை எப்படியோ ஒப்பேற்றினார். பைப்பைத் திரும்ப மாட்டும்போது இடது கையில் நட்டு கோணலாக ஏறியது. அவருக்குத் தெரியவில்லை, விரல்கள் சொல்லவில்லை. ஸ்பேனரை அழுத்தியபோது நட்டுக்குள் சுற்றியிருக்கும் மறை நசுங்கிய சத்தம் கேட்டது. அத்தனை வருடத்தில் அவர் கையால் ஒரு மறைகூடச் சிதைந்ததில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பரவாயில்ல மாமா, புதுசு வாங்கிக்கலாம்."

"வேற பட்டறைக்குக் கொண்டு போ."

"மாமா..."

"இனிமே இங்க கொண்டு வராதப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அதன் பிறகு அவன் வரவில்லை. லாரி இன்னும் அந்த மேட்டில் சிரமமில்லாமல் ஏறுகிறது என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

வாசலில் வண்டி திரும்பும்போதே எந்த இடத்தில் கோளாறு என்று இப்போதும் அவர் காது சொல்லிவிடும். முதலில் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது, "உள்ள விடுங்க" என்பதோடு சரி.