எதெல்மிராவின் கண்வலி

லீமாவில் எங்கள் வேனுக்கு நான் டிரைவர், என் அக்கா எதெல்மிரா கண்டக்டர். பிறந்ததும் அவள் அழவில்லை, ஆள் கூப்பிட்டாள் என்பார் அம்மா. கதவில் பாதி உடம்பைத் தொங்கவிட்டபடி, "ஏறு, ஏறு, உள்ளே இடம் இருக்கு!" என்று கத்துவாள். உள்ளே ஓர் எலுமிச்சம்பழத்துக்குக்கூட இடம் இருக்காது.

அந்தக் கோடையில் ஒரு தையற்காரர் கண்வலியோடு ஏறினார். எல்லாரும் பிடிப்பது ஒரே கம்பி. ஒரே வாரத்தில், மலையடிவாரத்திலிருந்து துறைமுகம் வரை நாங்கள் நிற்கும் நிறுத்தமெல்லாம் தக்காளிக் கண்கள். அக்காவுக்கும் வந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சினிமா நடிகை மாதிரி தொங்கினாள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஓடும் மஞ்சள் வேன்காரர்களுக்கும் எங்களுக்கும் ஜென்மப் பகை. முகம் கொடுத்தே பேசமாட்டோம். கேலிக்கு மட்டும் விதிவிலக்கு. பெட்ரோல் பங்கில் அவர்களில் ஒருவன் ஆரம்பித்தான்.

"எங்க பக்கம் ஒருத்தருக்கும் கண்வலி இல்ல. நீங்க ஏத்துறது ஆளையா, உருளைக்கிழங்கு மூட்டையையா?"

அந்த நேரம் பார்த்து அவர்களுடைய டிரைவர் பிதென்சியோ மஞ்சள் வேனிலிருந்து இறங்கினான், கறுப்புக் கண்ணாடியோடு.

"கழட்டுடா!" என்றேன். கழற்றினான். இரண்டு கண்ணும் தக்காளி.

"எங்க கம்பிய நீ எப்படா பிடிச்ச?"

அவன் பார்வை என் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. அங்கே அக்காவின் சத்தத்தையே காணோம். ஊருக்கே கேட்கும் தொண்டை அது! திரும்பிப் பார்த்தேன். கன்னமெல்லாம் சிவந்து நின்றாள்.

இரண்டு கூட்டமும் வயிறு வலிக்கச் சிரித்தது. நான் வேன் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

"ஏறுங்க மச்சான், உள்ளே இடம் இருக்கு!"