சுறா எண்ணெய் பூசிய ரயர்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒரு காரைப் பழுதாக்க அதை ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றில்லை. ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலே போதும், மீதியைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும். கூடவே மார்கிரட்டைப் போல அக்கறையான ஆள் ஒருவரும் இருந்துவிட்டால் காரியம் இன்னும் சுருக்காக முடிந்துவிடும்.

கார் மார்கிரட்டுடையது அல்ல. கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய தம்பி லெனாட்டுடையது. மூன்று வருடத்துக்கு முன் கோயில் திருநாளுக்கு வந்தவன், வாடகைக் காருக்கு அலைந்து சலித்துப்போய், ஒரு வெள்ளை ஜப்பான் காரை வாங்கித் தன் வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டுப் போனான். அவன் வீட்டுக்கும் மார்கிரட் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். வீட்டைக் கூட்டுவது, பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் ஏற்கெனவே அவள் தலையில். அதோடு காரும் அதன் சாவியும் சேர்ந்துகொண்டன.

"றோட்டிலை இறக்க வேண்டாம் அக்கா. கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணி ஒரு பத்து நிமிசம் விடுங்கோ, காணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். மார்கிரட் "ஓம்" என்றாள். தம்பி சொன்ன எதற்கும் அவள் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. விடிய எழும்பி இறங்குதுறையில் மீன் எடுத்து, பெட்டியோடு பஸ் ஏறி உடுவில் பக்கம் ஒழுங்கை ஒழுங்கையாக விற்றுத் திரும்பிய காலம் ஒன்று இருந்தது. கணவர் சிமியோன் கடலட்டைக்குச் சுழியோடியவர். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்வரும் தொழில். ஒருநாள் ஆறுதலாக வராமல் அவசரப்பட்டு மேலே வந்துவிட்டார், அது நரம்பைத் தாக்கிவிட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே கால்கள் அவர் சொல்வதை அரைகுறையாகத்தான் கேட்கின்றன. ஆனால் நோவை மட்டும் அவை ஒழுங்காகத் தெரிவித்துவிடும். அவருக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் பெரியாஸ்பத்திரியில் பயிற்சி. பக்கத்துத் தெரு ஜெரோசனின் ஓட்டோவில்தான் போய் வருவார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சிமியோன் பல்லைக் கடிப்பார். திரும்பி வந்து கட்டிலில் விழுந்தால் பொழுதுபடும்வரை யாரோடும் பேச்சில்லை. மீன் விற்கப் போவதை மார்கிரட் விட்டதும் அதனால்தான்.

ஆனபடியால் அந்தக் கார் மேல் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. காருக்காக இல்லை, அதன் மெத்தை ஆசனத்துக்காக. சனிக்கிழமைகளில் காரை உயிர்ப்பிக்கப் போகும்போது சிமியோனையும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன் ஆசனத்தில் இருத்திவிடுவாள். ஏசியைப் போட்டுவிட்டு இருவரும் பேசாமல் இருப்பார்கள். கார் ஓர் அடியும் நகராது. ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் சிமியோனின் முகத்தில் சுருக்கம் குறையும். இந்தச் சாய்மானத்தில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தால் என்று அவளுக்கு நினைவு ஓடும். தம்பியிடம் கேட்கவேண்டும், இந்தமுறை கட்டாயம் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே மூன்று வருடம் போய்விட்டது.

அப்படி இருந்த ஒரு சனிக்கிழமைதான் சிமியோன் அந்த அருமையான யோசனையைச் சொன்னார்.

"உப்புக்காத்து ரயரைத் தின்னுது பார். வள்ளத்துக்குப் பூசிறமாதிரி கொஞ்சம் சுறா எண்ணெய் பூசிவிடு. ஒண்டும் செய்யாது."

அவருடைய தகப்பனின் மரவள்ளம் அந்த எண்ணெய் பூசித்தான் நீண்டகாலம் கடலில் நின்றது. வள்ளத்தைக் காத்த எண்ணெய் ரயரைக் காக்காதா? கடற்கரைக்காரர் யாரைக் கேட்டாலும் காக்கும் என்றுதான் சொல்வார்கள். மார்கிரட் தேடித்திரிந்து ஒரு போத்தல் வாங்கி, பழைய சீலைத் துணியால் நான்கு ரயருக்கும் வழித்துப் பூசினாள். மாதாமாதம் பூசினாள். மணம் ஊரைக் கூட்டியது. அக்கம்பக்கத்துப் பூனையெல்லாம் காருக்குக் கீழேயே குடியிருந்து ரயரை நக்கிக்கொண்டிருந்தன. கார் பக்கம் இத்தனை பூனைக்கு என்ன வேலை என்று ஒருநாளாவது யோசித்திருக்கலாம். அவள் விளக்குமாற்றை எடுத்து விரட்டியதோடு சரி.

இந்த வருடத் திருநாளுக்கு வருவதாக லெனாட் போன் எடுத்தான். வருமுன் காரை ஒருக்கா ஓட்டிப் பார்க்கச் சொன்னான். ஜெரோசன் வந்து காரை மூடியிருந்த படங்கை இழுத்துவிட்டுக் குந்தியிருந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. ரயரின் மேல் பூவெல்லாம், றோட்டில் தேயும் அந்த வெட்டெல்லாம், புதிதுபோல அப்படியே இருந்தது. பக்கச் சுவர்தான் ஊதிப் பொம்மி, விரல் வைத்தால் பிசுபிசுத்து, அங்கங்கே வெடித்துக் கிடந்தது.

வீடியோவில் அதைப் பார்த்த லெனாட், "என்னக்கா, ஓடாத காருக்கு ரயர் எப்பிடி இப்பிடிப் போகும்? நீங்கள் வடிவாப் பாக்கேல்லைப் போல" என்றான்.

வடிவாகப் பார்க்கவில்லையாம். தன் வீட்டுக் கூரையில் ஓடு உடைந்தபோதுகூட அவள் இரண்டு மாரி மழையைச் சட்டி வைத்துச் சமாளித்தாள். இந்தக் காரின் படங்கு கிழிந்தபோது அடுத்த நாளே மாற்றினாள். எண்ணெய்க் கதை அப்போது அவளுக்கு விளங்கவில்லை. காற்றும் வெயிலும்தான் காரணம் என்றே நம்பினாள். ஆனாலும் இனி எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கார் கேட்பது என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது.

"புதுசு நாலு போடுவம். கடைக்குக் கொண்டுபோயிட்டு எனக்குப் போன் எடுங்கோ. ஓல் சீசன்தான் வேணும். வேறை ஒண்டும் போடவிட வேண்டாம்" என்றான் லெனாட்.

"அது என்ன தம்பி?"

"எல்லாச் சீசனுக்கும் பொதுவான ரயர் அக்கா. இஞ்சை எல்லாரும் அதுதான் போடுறது."

மார்கிரட்டுக்குத் தெரிந்த சீசன்கள் சோளகக் காற்றும் வாடைக் காற்றும்தான். அதற்கு வள்ளக்காரர்தான் கவலைப்பட வேண்டும், கார்க்காரருக்கு என்ன என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஜெரோசன் காற்றடித்து, ஆமை வேகத்தில் டவுன் ரயர்க்கடைக்குக் காரைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். கடைக்காரர் தியாகலிங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பியவர். வாடிக்கையைக் கண்டு மனமில்லாமல் மறுபடி இருந்தார். பிறகு வந்து குனிந்து ரயரைத் தொட்டார், விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தார்.

"அக்கா, உது என்ன மணம்?"

"சுறா எண்ணெய். உப்புப் பிடியாமல் பூசினது."

தியாகலிங்கம் விரலைக் கந்தல் துணியில் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "எண்ணெய் பட்டால் றப்பர் ஊதிப்போகும் அக்கா. நிண்டபடி நிண்டதும் பிழைதான். எண்டாலும் உதுதான் ஆளை முடிச்சது."

மார்கிரட் பக்கத்தில் கிடந்த ஸ்ரூலில் இருந்துவிட்டாள். ஆக, தம்பி சொன்னது சரி. பார்த்துப் பார்த்துப் பழுதாக்கியது அவள்தான். வெட்கமும் களைப்பும் ஒன்றாக வந்தன. கோபப்படக்கூட ஆள் இல்லை. சிமியோனைக் கோபித்து என்ன காண்பது?

அந்த நேரம் பார்த்து லெனாட்டின் கோல் வந்தது. ஜெரோசன் போனைத் தியாகலிங்கத்திடம் நீட்டினான். ரயர் ஏன் பழுதானது என்று லெனாட் கேட்க, தியாகலிங்கம் ஸ்ரூலில் இருந்தவளை ஒருக்காப் பார்த்தார். "கடற்கரைப் பக்கம் அண்ணை. உப்புக்காத்து" என்று முடித்துவிட்டார். நல்ல மனுசன். ஆனால் அந்த நல்ல மனம் அவளுக்கு இன்னும் பாரமாகத்தான் இருந்தது.

கோல் முடிந்ததும் தியாகலிங்கம் மூன்று வகை ரயரை உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். "உங்கடை தம்பி சொல்லுற ஓல் சீசன் பனிக்கும் சேத்துச் செய்யிறது. எங்கடை ஊரிலை பனி எங்கை? வெயிலும் மழையும்தான். சொல்லுங்கோ, உங்களுக்கு என்னமாதிரி வேணும்?"

கார் வாங்கும்போதோ, வீட்டுக்கு நிறம் பூசும்போதோ, உனக்கு எப்படி வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. மார்கிரட் ஸ்ரூலில் இருந்தபடியே மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இடுப்பு வருத்தக்காரர் ஒராள் இருந்து போறதுக்குக் குலுக்காத ரயர் எது?"

தியாகலிங்கம் நடுவில் நின்றதைத் தட்டினார். "இது. பக்கம் கொஞ்சம் இளக்கம். பள்ளத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். மழைக்கும் வழுக்காது."

மார்கிரட் எழும்பி வந்து அதைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். இறங்குதுறையில் பாரை மீனை அமத்திப் பார்த்த அதே விரல். பழசா புதிதா என்று மீன் சொல்லிவிடும், ரயர் ஒன்றும் சொல்லவில்லை. "எப்ப செய்தது?" என்று கேட்டாள். கடையில் கிடந்தே கிழடானதைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற வியாபாரிப் பயம் அவளுக்கு. தியாகலிங்கம் பக்கத்தில் பொறித்திருந்த இலக்கங்களைக் காட்டி, செய்த வாரமும் வருடமும் அதுதான், புதுச்சரக்கு என்றார். மீனுக்கும் இப்படிப் பொறித்திருந்தால் தான் எத்தனை பேரிடம் பேச்சு வாங்காமல் தப்பியிருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"தம்பி ஓல் சீசன் கேப்பானே?"

"எங்களுக்கு ரண்டு சீசன். ரண்டுக்கும் இது சரி. அப்ப இது ஓல் சீசன்தானே அக்கா?" என்றார் தியாகலிங்கம். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலைத் திரும்பிப் பார்த்தார்.

ரயர் மாற்றி முடித்துக் கார் வெளியே வந்தபோது வெயில் சரிந்திருந்தது. பின் ஆசனத்தில் இருந்த மார்கிரட்டுக்கு வித்தியாசம் உடனே தெரிந்தது. ஓட்டோவில் இடுப்பைத் தூக்கியடிக்கும் பள்ளங்களை இந்தக் கார் சத்தமில்லாமல் கடந்தது. அதனால் மனம் இன்னும் கனத்தது. லெனாட் மறுபடி போன் எடுத்தான். எல்லாம் சரியா என்று கேட்டான். சரி என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"தம்பி, ரயரைப் பழுதாக்கினது காத்தில்லை. நான்தான். சுறா எண்ணெய் பூசினனான்."

"என்னத்தை?"

திரும்பச் சொன்னாள். அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு, பிறகு மனைவிக்கு அதைச் சொல்லும் சத்தம், பிறகு இன்னொரு சிரிப்பு. அது அடங்கியபின் லெனாட் பொறுப்பான குரலில் கதைத்தான்.

"சரி, விடுங்கோ அக்கா. ஒண்டு செய்வம். நாங்கள் வந்திட்டுத் திரும்பிப் போனாப் பிறகு சில்லு நாலையும் கழட்டி எங்கடை ஹோலுக்குள்ளை வையுங்கோ. காரைக் கல்லிலை ஏத்திவிடச் சொல்லுங்கோ. வெயிலும் படாது, எண்ணெயும் படாது. நீங்களும் ஒண்டும் பாக்கத் தேவையில்லை."

ஓம் என்ற சொல் வழக்கம்போல நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதற்குமேல் வரவில்லை. கோபம் என்றால் அவள் விழுங்கியிருப்பாள், விழுங்கிப் பழக்கம் இருந்தது. இந்தக் களைப்பை விழுங்க அவளுக்குப் பழக்கமில்லை.

"செவ்வாய்க்கிழமை அத்தானை ஆஸ்பத்திரிக்கு இந்தக் காரிலைதான் கொண்டுபோகப் போறன். ஜெரோசன் ஓட்டுவான். வாற செவ்வாயும், அதுக்குப் பிறகு வாற எல்லாச் செவ்வாயும்."

"அக்கா, அது... ஓடினால் மீற்றர் ஏறும். பிறகு விக்கேக்கை விலை..."

"அப்ப சரி. இனி நான் காரைப் பாக்க மாட்டன். கார்த் திறப்பை ஆரிட்டைக் குடுக்கிறது? பேரைச் சொல்லு. போற வழியிலை குடுத்திட்டுப் போறன்."

லெனாட் கொஞ்சம் யோசித்தான். "ஜஸ்ரின் நிக்கிறான்தானே?"

"ஜஸ்ரின் லண்டனுக்குப் போய் வருசமாகுது."

"அடைக்கலநாதன் மாமா?"

"அவர் மோசம் போயிட்டார். நீ வட்ஸ்அப் குறூப்பிலை அஞ்சலி போட்டனீ."

"ஓமோம்... ஜெயனி வீட்டுக்காரர்?"

"அவையள் முழுப்பேரும் பிரான்ஸ். அவையின்ரை வீட்டுத் திறப்பும் என்னட்டைத்தான் கிடக்கு."

அதன்பிறகு ரொறன்ரோவில் இருந்து சத்தம் வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று மார்கிரட் போனைப் பார்த்தாள். அறவில்லை. அவன் அங்கே இன்னும் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று விளங்கியது. அவளும் அவனோடு சேர்ந்து தேடிப் பார்த்தாள். ஒழுங்கையின் தொடக்கத்திலிருந்து மனதுக்குள் வீடு வீடாக வந்தாள். ஜெரோசன் விடிய ஓட்டோவோடு போனால் இரவுதான் வீட்டில். தங்கள் மதில்வரை வந்தும் ஒருவரும் அகப்படவில்லை.

"நீங்களே வைச்சிருங்கோ அக்கா" என்றான் கடைசியில்.

"வைச்சிருக்கிறதெண்டால் ஓடுவன்."

"ஓடுங்கோ."

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். முன்னால் ஜெரோசன் எல்லாம் கேட்டபடி, ஒன்றும் கேளாதவன் போல ஓட்டிக்கொண்டிருந்தான். வரும் செவ்வாய் சிமியோன் பல்லைக் கடிக்காமல் போய் வரலாம். மூன்று வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டாயிற்று, கிடைத்தும் விட்டது. சந்தோசம் வரும் என்று காத்திருந்தாள். அழுகைதான் வந்தது. லெனாட் யாராவது ஓர் ஆளின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்த ஆளிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு, ஒரு நாளாவது அவள் சும்மா படுத்திருந்திருப்பாள்.