லாண்டிரி அக்காவும் எங்கள் அண்ணியும்

ரங்கூனில் அலோன் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு பயறுக் கிடங்கு இருந்தது. அங்கே மதியச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம் விடுவார்கள். அண்ணி தன் கேரியரைப் பத்தே நிமிடத்தில் காலி செய்துவிட்டு, கையைக் கழுவி, இடுப்புக் கைலியைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, போனை ஓர் உளுந்து மூட்டையின் மேல் சாய்த்து வைப்பார். திரையில் அமெரிக்காவின் ஏதோ ஓர் ஊர்ச் சலவைக்கடை தெரியும். சுவரோரம் வரிசையாகத் துணி துவைக்கும் இயந்திரங்கள். அவற்றின் முன்னால் கடைச் சீருடையோடு மூன்று பெண்கள், ஸ்பானிஷ் பாட்டு ஒன்றுக்கு இடுப்பை ஒடித்து ஆடுவார்கள். நடுவில் நிற்பவர் நல்ல பருமன். நரைத்த முடியைச் சிவப்புத் துணியால் கட்டியிருப்பார். அண்ணி அவருக்கு லாண்டிரி அக்கா என்று பெயர் வைத்திருந்தார். லாண்டிரி அக்கா வலது காலை எடுத்து வைத்தால் இங்கே அண்ணியும் வலது காலை எடுத்து வைப்பார். பின்னால் பதினைந்து இருபது பெண்கள், பர்மியர், கரேன், எங்கள் தமிழ் ஆட்கள் எல்லாருமாகச் சேர்ந்து கால் வைப்பார்கள். தரையில் படிந்திருந்த உளுந்துத் தூசி எழும்பி, உயரத்துச் சன்னல் வழியே விழுந்த வெயிலில் மிதக்கும்.

இந்த ஆட்டத்துக்குக் காரணம் சர்க்கரை நோய். கப்பலுக்குப் போகும் உளுந்தில் கல்லும் சொத்தையும் பொறுக்குவது அண்ணியின் வேலை. காலை எட்டு மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சோற்று வேளை தவிர மாலை வரை எழுந்திருக்கத் தேவையில்லை. நாற்பது வயதில் பாதம் மரத்துப்போகத் தொடங்கியபோதுதான் கிளினிக்குக்குப் போனார். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். தாகேதாவில் எங்கள் சந்தில் மழைக்காலம் முழுக்க முழங்கால் தண்ணீர். மற்ற மாதங்களில் நாய்கள். "எங்க போயி நடக்கிறது, பாப்பா, மொட்டை மாடி கூட இல்லையே" என்று என்னிடம் சொன்னார். நான் அப்போது பஜாரில் ஒரு போன் கடையில் வேலை பார்த்தேன். சிம் கார்டு விலை சரிந்து, எல்லார் கையிலும் போன் வந்துகொண்டிருந்த காலம். வாங்க வருகிறவர்களுக்குப் படம் தெளிவாக ஓடுகிறது என்று காட்ட ஏதாவது வீடியோ போட்டுக் காட்ட வேண்டும். அப்படித் தேடும்போதுதான் அந்தச் சலவைக்கடைப் பெண்கள் எனக்குக் கிடைத்தார்கள். அன்று மாலையே அண்ணியின் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

அவர்களைத் தொடர்ந்து இன்னும் பலர் வந்தார்கள். மெக்சிகோவிலிருந்தும் அதன் அண்டை நாடுகளிலிருந்தும் பிழைக்கப் போய் அமெரிக்காவில் குடியேறியவர்கள். அங்கே அவர்களை லத்தீனோ மக்கள் என்கிறார்கள். கட்டட வேலைக்காரர்கள், ஓட்டல் அறை துடைக்கும் பெண்கள், பழத்தோட்டக் கூலிகள், அவர்கள் பெற்ற பிள்ளைகள். அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்ததோ எனக்குத் தெரியாது. போனுக்குள் அவர்கள் யாரிடமும் இடம் கேட்டு நிற்கவில்லை. அடுப்படியைக் காட்டினார்கள், ரொட்டி தட்டினார்கள், கல்யாண வீட்டில் ஆடினார்கள், செருப்பைக் கழற்றி எறியும் அம்மாவைப் போல நடித்தார்கள். அந்தச் செருப்பு வீடியோவுக்கு அண்ணி ஒரு வார்த்தை புரியாமலே கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர்களில் இளையவர்கள் ஸ்பானிஷில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பதை நான் கவனித்துச் சொன்னபோது, "நம்ம வீடு மாதிரிதான்" என்றார். அண்ணியின் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்கு விளங்கும். பதில் மட்டும் பர்மிய மொழியில்தான் வரும்.

இனி வருவது நான் செய்த தவறு. என் கடைக்கு விடுமுறையான ஒரு நாளில், அண்ணி மறந்துவிட்டுப் போன கேரியரைக் கொடுக்கக் கிடங்குக்குப் போனேன். அவர்கள் ஆடுவதைப் பார்த்ததும் கதவோரம் நின்று என் போனில் படமெடுத்தேன். முன்வரிசையில் அண்ணி, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு வியர்வையில் கரைந்து வழிய, வாயால் தாளம் எண்ணிக்கொண்டு ஆடினார். அவ்வளவு அழகாக அவரை நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போதே அதை வலைத்தளத்தில் போட்டு, லாண்டிரி அக்காவின் பக்கத்துக்கும் தெரியும்படி கோத்துவிட்டேன். அண்ணியிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் காலை லாண்டிரி அக்கா அதைத் தன் பக்கத்தில் போட்டிருந்தார். சலவைக்கடைப் பெண்களுக்குப் பிறந்த ஊர்களிலெல்லாம் ஆட்கள் இருந்தார்கள் போலிருக்கிறது. கடையில் வேலை பார்க்கவிடாமல் என் போன் துடித்துக்கொண்டே இருந்தது. இதயக் குறிகளும் ஸ்பானிஷ் வாழ்த்துகளும் வந்து விழுந்தன. ரங்கூன் தமிழர்களும் பார்த்தார்கள். அண்ணன் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். கோயிலில் அன்னதானம் என்றால் முன்னால் நிற்பவர். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் போனவரிடம் நிர்வாகத்தில் இருந்த ஒருவர், "ஒங்க வீட்டம்மா அமெரிக்காக்காரங்களுக்கெல்லாம் ஆடிக் காட்டுறாங்களாமே" என்று நாலு பேர் நடுவில் கேட்டிருக்கிறார். அண்ணன் வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "அதை எடுத்துரு" என்று என்னிடம் சொன்னார். அண்ணிக்கு எது என்றே தெரியாது. நான்தான் காட்டினேன். முழுவதையும் பார்த்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார்.

"நீ என்னையக் கேட்டிருக்கலாம், பாப்பா."

அவ்வளவுதான் சொன்னார். என் பக்கத்திலிருந்து அதை எடுத்துவிட்டேன். ஆனால் அது பல பேர் கைக்குப் போய்விட்டிருந்தது. அண்ணி கிடங்கில் ஆடுவதை நிறுத்தினார். மதிய வேளையில் சாப்பிட்டுவிட்டு மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார் என்று கூட வேலை செய்யும் பெண் வந்து சொன்னாள். வீட்டில் என்னோடு பேசுவார், சோறு போடுவார், கோபம் தெரியாது. முன்பு போல என் கட்டிலில் வந்து உட்கார்ந்து இன்றைக்குப் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று மட்டும் கேட்கமாட்டார். அந்த மூன்று வாரங்களில் நான் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்க வாயெடுத்து விழுங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பிறகு லாண்டிரி அக்காவிடமிருந்து போனில் ஒரு கடிதம் வந்தது. வீடியோ ஏன் காணாமல் போனது, தன்னால் ஏதும் சங்கடமா என்று கேட்டு எழுதியிருந்தார். போன் அதைக் கோணல் மாணலான பர்மியத்தில் மாற்றிக் கொடுத்தது. நான் அதைத் தமிழாக்கி அண்ணிக்கு வாசித்தேன். தான் முதலில் ஆடியபோது கணவரின் சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள் என்று எழுதியிருந்தார். ஊரார் அழுக்கைத் துவைக்கிறவளுக்கு இது தேவையா என்றார்களாம். "என் மகள் இந்த நாட்டில் பிறந்தவள். நான் பேசினால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். இப்போது வீடியோவுக்கு எழுத உதவி செய்கிறாள். அம்மா, இதற்கு நம் மொழியில் என்ன வார்த்தை என்று என்னைக் கேட்கிறாள்." இந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார் அண்ணி. வாசித்தேன். பிறகு, பதில் சொல்ல வேண்டும், ஆனால் எழுத வராது, எந்தப் பாஷையில் பேசுவது என்று கேட்டார். உங்களுக்கு வருகிற பாஷையில் பேசுங்கள் என்றேன்.

அண்ணி போனை வாய்க்கருகே பிடித்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னார். "அக்கா, நான் ரங்கூன்ல தாகேதாவுல இருக்கேன். அலோன்ல பயறு பொறுக்குறேன். ஒக்காந்து ஒக்காந்து சுகர் வந்திருச்சு. டாக்டரு நடக்கச் சொன்னாங்க, தெருவுல தண்ணி நிக்கிது. ஒங்களப் பாத்துத்தான் ஆடுறேன். எம்மவளும் அப்பிடித்தான், தமிழ்ல கேட்டா பர்மால பதில் சொல்லுவா. யபாடே. வெளங்குதுல்ல, அது போதும்." யபாடே என்பது பரவாயில்லை என்பதற்குப் பர்மியச் சொல். அது அண்ணியின் பேச்சில் மூச்சு மாதிரி வரும்.

"அனுப்பட்டுமா அண்ணி?" என்று கேட்டேன். தலையாட்டினார்.

மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலை வைத்தாள். "அம்மா, அது போதும்னு ஏன் சொன்னீங்க?" என்றாள். தமிழில் கேட்டாள். அண்ணி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "வேற என்ன சொல்ல, நீயே சொல்லு" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். போனவர் வெகு நேரம் திரும்பி வரவில்லை.

லாண்டிரி அக்காவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அவர் அண்ணியிடம் அனுமதி கேட்டு, அந்தக் குரலைத் தன் பக்கத்தில் போட்டார். இவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கீழே எழுதினார். அங்கேதான் எனக்கு அந்தப் பக்கத்தின் பலம் தெரிந்தது. லட்சக்கணக்கான ஸ்பானிஷ்காரர்கள் கூடுகிற ஒரு சந்தையில் எங்கள் பேச்சு போய் நின்றது. எங்கெங்கோ இருந்த தமிழர்கள் அதன் சத்தம் கேட்டு வந்து சேர்ந்தார்கள். பினாங்கிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார். இது தமிழே இல்லை என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். யபாடே என்றால் என்ன என்று பத்துப் பேர் கேட்க, சின்ன வயதில் ரங்கூனைவிட்டுப் போன ஒரு பெரியவர் விளக்கம் சொன்னார். ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியிலிருந்து ஒரு பெண், "இது எங்க வீட்டுத் தமிழ். இத்தன நாளா வெளியில பேச வெக்கமா இருந்துச்சு" என்று எழுதியிருந்தாள். சண்டைக்காரரைப் பற்றி நான் சொன்னபோது அண்ணி, "நான் பேசுறது நான் பேசுறதுதானே" என்றார்.

அண்ணனிடம் நாங்கள் யாரும் போய்ச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை பஜார் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு அடுத்த மேசையிலிருந்து மனைவியின் குரல் கேட்டிருக்கிறது. ஜவுளிக்கடை பாய் ஒருவர் போனைக் காதருகே வைத்துக் கேட்டு, "எங்கம்மா பேசுற மாதிரியே இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். யார் பேசுவது என்று அவருக்குத் தெரியாது. அண்ணனும் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டுவிட்டு எழுந்து வந்ததாகப் பின்னாளில் ஒருமுறை சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆடுற படத்தத் திரும்பப் போடு. இந்தத் தடவ அவகிட்டக் கேட்டுட்டுப் போடு" என்றார்.

அதன் பிறகு வந்த நாலைந்து வருடங்கள்தான் எங்கள் வீட்டின் நல்ல காலம் என்று இப்போது தோன்றுகிறது. ஞாயிறு பிற்பகலில் அண்ணி ஒரு முறத்தில் உளுந்தைப் பரப்பி, சொத்தையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசுவார்; நடுவில் எழுந்து ஆடுவார். மகள் படம் பிடித்தபடியே தமிழில் கேள்வி கேட்பாள். தடுக்கினால் அண்ணி எடுத்துக் கொடுப்பார். சலவைக்கடையில் எல்லாரும் அவரை 'அண்ணி' என்றே கூப்பிட்டார்கள். அது அவருடைய பெயர் என்று நினைத்துவிட்டார்கள். நாங்களும் திருத்தவில்லை. முகம் தெரியாத மெக்சிகோக்காரர்களுக்கெல்லாம் அண்ணன் ஒரே நாளில் மூத்த சகோதரனாகிவிட்டார் என்று சொல்லிச் சிரிப்போம்.

பிறகு, ராணுவம் ஆட்சியைப் பிடித்த ஒரு தை மாதக் காலையில் போன்கள் செத்துப்போயின. வருவதும் போவதுமாக இருந்தது. வலைத்தளத்தை அடைத்தார்கள். சுற்று வழியில் உள்ளே போவதற்குள் மின்சாரம் போய்விடும். ஒரு மழைக்காலம் முழுக்கக் கொரோனா நோயும் மருந்துத் தேடலுமாகக் கழிந்தது. கடைசியில் நான் பக்கத்தைத் திறந்தபோது லாண்டிரி அக்கா நாள் தவறாமல் எழுதியிருந்த ஒற்றைச் சொல் வரிசையாகக் கிடந்தது: அண்ணி? அண்ணி? அண்ணி? அன்று அண்ணி பேசியது அரை நிமிடம். "இருக்கோம் அக்கா. எல்லாரும் இருக்கோம்." சலவைக்கடையில் அதைக் கேட்டு மூன்று பெண்களும் அழுவதைப் படமெடுத்து அனுப்பினார்கள்.

கிடங்கை மூடிவிட்டார்கள். அண்ணனும் அண்ணியும் மாவ்பிக்குப் போய்ச் சந்தையில் ஒரு சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார்கள். மகள் தாய்லாந்தில் வேலை பார்க்கிறாள். தினமும் அம்மாவோடு தமிழில் பேசுகிறாள். நான் மட்டும் தாகேதா வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சமைத்துவிட்டு உட்கார்ந்தால் அந்த முறத்துச் சத்தத்துக்குக் காது ஏங்குகிறது.

போன வருடம் லாண்டிரி அக்காவின் பக்கம் அமைதியானது. அமெரிக்காவில் குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள் என்று செய்தி படித்தோம். முன்பு தைரியமாக முகம் காட்டிய எத்தனையோ பேர் முகத்தை எடுத்துக்கொண்டார்கள். இப்போது கேட்பது அண்ணியின் முறை. மாவ்பியில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கடைக்கு வெளியே வந்து நின்று, வாரம் ஒருமுறை குரல் அனுப்புவார். எட்டு மாதம் பதில் இல்லை. "பாத்திருப்பாங்க. பேச முடியாத சூழ்நிலையா இருக்கும். நமக்குத் தெரியாததா" என்பார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் லாண்டிரி அக்காவின் மகளிடமிருந்து எனக்குத் தகவல் வந்தது. ஸ்பானிஷில்தான் எழுதியிருந்தாள். அப்பாவை வேலையிடத்தில் பிடித்து நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அம்மா அவர் பின்னாலேயே மெக்சிகோவுக்குப் போய்விட்டார். இப்போது அவள்தான் சலவைக்கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அம்மா இருக்கும் ஊரில் சிக்னல் மோசம். ஒரு குரல் மட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறார். நான் அதை முன்னதாகக் கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்து மாவ்பிக்குப் போனேன்.

மின்சாரம் இல்லை. அண்ணி பின்கட்டில் விறகடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பானையைச் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார். நான் போனை அழுத்தினேன். முதலில் ஒரு சேவல் கூவியது. காற்று இரைந்தது. பிறகு அந்தக் கனத்த குரல். எங்கே கற்றுக்கொண்டாரோ, யாரைக் கேட்டு மனப்பாடம் செய்தாரோ, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்துக் கேட்டது:

"அண்ணி, சாப்டீங்களா?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தே பதில் சொன்னார்.

"இன்னும் இல்லக்கா. இப்பத்தான் சோறு வடிச்சேன். நீங்க?"