இல்லாத பதினாறு பக்கங்கள்

நடந்தவை, வரிசைப்படி:

1. மாடம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் மூன்று பேர் சேர்ந்து அறிவியல் புனைகதை படிக்கத் தொடங்கினோம்.
2. என் முறை வந்தபோது, வேற்றுக்கிரக உயிர்களோடு பேசுவதற்கு ஒரு மொழியியலாளரை அனுப்பும் ஆங்கில நாவலைத் தேர்ந்தெடுத்தேன்.
3. ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. விலகிவிட்டார்.
4. இன்னொருத்தி, என் தோழி, மிகவும் பிடித்தது என்றாள்.
5. அவளுடைய பிரதியில் மிக முக்கியமான பதினாறு பக்கங்கள் இல்லை.

விலகியவர் வீட்டு உரிமையாளரின் மகன். அண்ணா என்று கூப்பிடுவேன். தன் அப்பா வயலில் கட்டிய வீடுகளுக்கு வாடகை வாங்குவதும், விண்வெளிப் போர்க் கதைகள் படிப்பதுமாக இருப்பவர். பாதியிலேயே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“இன்னாம்மா இது? அவ்ளோ பெரிய கப்பல எடுத்துகினு போய், எறங்கி, டிக்‌ஷனரி எழுதிகினு கீறாங்க. ஒரு குண்டு கூட வெடிக்கல. பேஜாரா கீது.”

“பேசத் தெரியாம எப்படிண்ணா சண்டை போடுவாங்க?”

“நம்ம தெருவுலயே பாரு. பேசிகினா சண்ட போடறாங்க?”

தோழி சத்தமாகச் சிரித்தாள். எனக்கும் அவர் மீது வருத்தம் இல்லை. அவள் இருந்தாளே.

அவள் இரும்புலியூர்க்காரி. வீட்டில் குழாய் சாமான்கள் விற்கும் கடை. என் அலுவலகத்திலேயே மென்பொருளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். தினமும் தாம்பரத்தில் ஒரே ரயிலில் ஏறுவோம்.

அந்த நாவலில் ஓர் இடம் வரும். மாதக்கணக்கில் பதிவு செய்த ஒலிகள் எல்லாம் பேச்சே இல்லை, அந்த உயிர்களுக்கு வயிற்றில் உணவு செரிக்கும் சத்தம் என்று மொழியியலாளருக்குப் புரிகிறது. பதிவுகளை அழித்துவிட்டு, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். நான் இதை ரயிலில் சொன்னபோது தோழி, “அங்க எனக்கு அழுகையே வந்துடுச்சுடி” என்றாள்.

அந்த ஒரு வரியை நம்பித்தான் நானே ஒரு நாவல் எழுத ஆரம்பித்தேன். தமிழில், ஒரு மொழியியலாளரை வைத்து. அத்தியாயம் முடிந்தவுடன் அவளுக்கு அனுப்புவேன். “செமடி” என்று பதில் வரும். வேறு யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பத் தோன்றவும் இல்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தில் என் மொழியியலாளர் தோற்க வேண்டும். தோல்வியை அந்த நாவலில் எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று மறுபடி பார்க்க நினைத்தேன். என் பிரதியை அலுவலகத்தில் யாரோ எடுத்துப் போயிருந்ததால் அவளுடையதை வாங்கி வந்தேன். ரயில் நிலையத்துக்கு வெளியே நடைபாதைக் கடையில் அவள் வாங்கிய திருட்டுப் பதிப்பு. அந்தக் காட்சி வரவேண்டிய இடத்தில், அதற்கு முந்தைய பதினாறு பக்கங்களையே இன்னொரு முறை வைத்துத் தைத்திருந்தார்கள். படித்துக்கொண்டு வரும் யாரும் அதைக் கவனிக்காமல் தாண்ட முடியாது.

மறுநாள் ரயிலில் அந்த இடத்தைத் திறந்து காட்டினேன். பார்த்தாள். பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“நாலாவது சாப்டருக்கு மேல முடியலடி. யாராச்சும் யாரையாச்சும் லவ்வாவது பண்ணியிருந்தா படிச்சிருப்பேன்.”

“அப்போ நான் எழுதி அனுப்பினது?”

“திறந்து பாப்பேன்.” புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். “நீ ‘எப்படி இருக்கு’ன்னு கேக்கும்போது உன் மூஞ்சியப் பாத்தா, படிக்கலன்னு சொல்ல வாய் வரலடி.”

ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியது. எனக்குக் கோபம் வந்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். என் மேல் உள்ள பிரியத்தில் சொன்ன பொய். யாரோடு சண்டை போடுவது? ஒரு கதை பிடிக்கவில்லை என்பது குற்றமும் இல்லை.

அன்று மாலை அவள் அனுப்பிய பதில்களை முதலிலிருந்து பார்த்தேன். நல்ல அத்தியாயத்துக்கும் நானே சரியில்லை என்று நினைத்து அனுப்பிய அத்தியாயத்துக்கும் ஒரே “செமடி”. எங்கள் வேலையில் இதற்கு, சோதனையை ஓட்டிப் பார்க்காமலே பாஸ் போடுவது என்று பெயர். அப்படிப் பாஸ் ஆன மென்பொருளில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணாவிடம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். என் கதையிலும் குண்டு வெடிப்பதில்லை.

இப்போதைய நிலை இது. மாடியில் யாரும் கூடுவதில்லை. நானும் அவளும் அதே ரயிலில்தான் போகிறோம். அலுவலகம், விடுப்பு, அவளுக்குப் பார்க்கும் மாப்பிள்ளை பற்றியெல்லாம் பேசுகிறோம். நாவல் எட்டு அத்தியாயங்களோடு நிற்கிறது. அதை இதுவரை யாரும் படித்ததில்லை.